ஒன்பதாம் உறுப்பினர், வருகை உண்டு

தான் எழுதும் கூட்டக்குறிப்பை யாரோ படித்திருக்கிறார்கள் என்பதே செயலாளர் அம்மாவுக்குப் பேரதிர்ச்சி. பதினோரு வருடமாக எழுதுகிறாள். எல்லாவற்றையும் அச்சடித்து ஒட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம், அத்தனை நீளம். படித்த ஜீவன் என்று ஒன்று இதுவரை கிடையாது. ஆகவே மாலை நாலே முக்காலுக்கு ‘கூட்டக்குறிப்பில் ஒரு திருத்தம்’ என்ற தலைப்போடு மின்னஞ்சல் வந்தபோது முதலில் பூரித்துத்தான் போனாள். அப்புறம்தான் அனுப்பியவர் யாரென்று பார்த்தாள். ஒன்பதாம் உறுப்பினர்.

‘சென்ற கூட்டத்தில் நான் பேசாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒருமுறை சிரித்தேன். சேர்த்திருக்கிறேன்.’

ஒன்பதாம் உறுப்பினர் என்று யாரும் இல்லை.

ஒன்பது நாடுகள் சேர்ந்து வாங்கிய ஆராய்ச்சிக் கணினி அது. இரண்டு மாடி கீழே, கால்பந்து ஆடும் அளவுக்கு ஒரு கூடம். அதில் ஒன்பது வரிசையாக இரும்பு அலமாரிகள். மழையைக் கணக்குப் போடுகிறவர்கள், மருந்து தேடுகிறவர்கள், செத்துப்போன நட்சத்திரத்துக்கு வயது பார்க்கிறவர்கள் என்று உலகத்து மேதாவிகள் எல்லாம் அதில் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று கையேந்தி நிற்பார்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்வது ஒன்பது உறுப்பினர் கொண்ட குழு. மாதம் ஒருமுறை திரையில் கூடும். ஒன்பது பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாடு சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டது. விதியைப் பார்த்தால் அன்றோடு கணினியை இழுத்து மூட வேண்டியதுதான். தலைவர் தொண்டையைச் செருமினார். “வந்ததா போட்டுடுங்கம்மா. யார் படிக்கப் போறாங்க?”

அவளும் போட்டாள். முப்பத்தாறு கூட்டம். ஒன்பதாம் உறுப்பினர்: வருகை, உண்டு. ஆட்சேபம், இல்லை.

இப்போது தலைவருக்கு ஃபோன் போட்டாள். அவர் ஊரில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

“சார், ஒன்பதாம் உறுப்பினர்கிட்ட இருந்து லெட்டர் வந்திருக்கு.”

“நல்லது. பதில் போட்டுடுங்க.”

“அந்த இடத்துல ஆளே இல்லையே சார்.”

“இல்லாத ஆளா லெட்டர் போடறார்? புதுசா யாரையாவது நியமிச்சிருப்பாங்க. பல்லைக்கூட தேய்க்க விடமாட்டேங்கறீங்களேம்மா.”

அவள் வைப்பதற்குள் கீழேயிருந்து அழைப்பு. தம்பி. கூடத்தின் தொழில்நுட்பர், கட்டடத்தில் எல்லோருக்கும் ‘ஸ்பேனர்’. மூன்று வயதில் தொடங்கி வீட்டில் அவன் கழற்றாத பொருள் உப்பு டப்பா ஒன்றுதான். அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

“அக்கா, ஒன்பதாம் வரிசை ஓடுது.”

“நீ எதையாவது நோண்டியிருப்ப.”

“நோண்ட அதுல என்ன இருக்கு? கரண்டே கிடையாது. கேபிளைப் பிடுங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இதோ, கேபிள் என் கையிலதான் இருக்கு.” அவன் குரலில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை. “தொட்டுப் பார்த்தேன்க்கா. மெஷின் சூடு மாதிரி இல்ல. காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி இருக்கு.”

“வெளிய வாடா முதல்ல.”

“அதுக்குத்தான் கூப்பிட்டேன். கார்டைக் காட்டினா கதவு திறக்கல. ‘ஒப்புதல் நிலுவையில்’னு வருது.”

அந்தக் கதவு அப்படியொரு வாசகத்தைக் காட்டியதே இல்லை. அது அவள் குறிப்பில் எழுதும் வாசகம்.

குளிரூட்டியிலிருந்து வழக்கமாக வரும் தூசி வாசனைக்குப் பதிலாக, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையை யாரோ பெருக்காமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொண்டது போல ஒரு புழுங்கல் மெல்ல இறங்க, தரைக்கடியில் எப்போதும் கேட்கும் இரைச்சல் நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி வர, திரையில் அடுத்த மின்னஞ்சல் வந்து உட்கார்ந்தது. இந்த முறை எல்லா உறுப்பினருக்கும்.

‘மற்ற எட்டு உறுப்பினருக்கும் கூடத்தில் பணியாளர் உண்டு. எனக்கு இல்லை. தற்போது உள்ளே இருப்பவரை என்னிடம் ஒப்படைக்கவும். மாலை ஆறு மணிக்குள் ஆட்சேபம் வராவிடில் தீர்மானம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும்.’

எழுத்து நடை அவளுடையது. ‘கொள்ளப்படும்’ வரைக்கும் அவளுடையது. முப்பத்தாறு கூட்டமும் அருகில் உட்கார்ந்து பாடம் கேட்டது போல.

மணி ஐந்து பத்து. ஆட்சேபிக்கும் உரிமை உறுப்பினருக்குத்தான், செயலாளருக்கு இல்லை. தம்பியின் அழைப்பைத் துண்டிக்காமல் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அலுவலக ஃபோனில் எட்டுப் பேரையும் கூப்பிட்டாள். ஒருவர் விமானத்தில். ஒருவர் விடுப்பில். ஐந்து பேர் எடுக்கவில்லை. இவர்கள் வாயைத் திறந்து ஆட்சேபித்த சரித்திரமே கிடையாது. பேசாமலே எல்லாவற்றையும் நிறைவேற்றிப் பழகியவர்கள். மறுபடி தலைவர்.

“சார், ஒரு வரி எழுதுங்க. ஆட்சேபிக்கிறேன்னு.”

“ஊழியர் மாற்றல்தானேம்மா?”

“அவன் என் தம்பி சார்.”

தலைவர் மறுபடி தொண்டையைச் செருமினார். “ஆட்சேபம்னா காரணம் எழுதணும். ஆளே இல்லைனு எழுதினா முப்பத்தாறு கூட்டமும் செல்லாது. அப்புறம் நீங்களும் நானும் கம்பி எண்ணணும். ஆறு தாண்டட்டும், பேசிக்கலாம்.”

வைத்துவிட்டார்.

சரி. பொய்யை எழுதியவள் அவள். அழிக்கவும் அவளால் முடியும். வந்தவனே இல்லையென்றால் கேட்பது யார்? மூன்று வருடக் குறிப்பும் ஒரே கோப்பில் இருந்தது. திறந்தாள். முதல் கூட்டம். ஒன்பதாம் உறுப்பினர், உண்டு. அழித்தாள். இல்லை. இரண்டாம் கூட்டம். இல்லை. ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாற்றினாள். ஒன்பதாவது கூட்டத்தில் மணி ஐந்து ஐம்பத்தைந்து.

கைபேசி மேசையில் பேசிக்கொண்டிருந்தது. “அக்கா. வரிசைக்குள்ள யாரோ சிரிச்சாங்க.”

“இருடா. இருடா தங்கம்.”

ஐம்பத்தேழு. இன்னும் இருபத்தேழு கூட்டம். முடியாது. மொத்தமாக மாற்றும் கட்டத்தைத் திறந்தாள். ‘உண்டு’ என்று அடித்தாள். கீழே ‘இல்லை’. அனைத்தையும் மாற்று.

அழுத்தினாள்.

ஆறு மணி. தினமும் ஆறடித்தால் குறிப்புக் கோப்பு மறுநாள் வரை தானே பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. அப்புறம்தான் படித்தாள்.

தலைவர், வருகை இல்லை. இரண்டாம் உறுப்பினர், இல்லை. மூன்றாம் உறுப்பினர், இல்லை. முப்பத்தாறு கூட்டத்திலும், எட்டுப் பேரும். கடைசி வரியில், மாதாமாதம் இயந்திர நிலவரம் சொல்ல வரும் தொழில்நுட்பர். இல்லை. குறிப்பு எழுதுகிறவள் தன் வருகையை எழுதிக்கொள்வதில்லை.

சென்ற கூட்டத்தில் ஒரு வரி மட்டும் அப்படியே நின்றது. உறுப்பினர் தாமே திருத்திய வரியைச் செயலாளர் தொட முடியாது. அது விதி.

ஒன்பதாம் உறுப்பினர். உண்டு. சிரித்தார்.

தலைவரின் எண்ணை அழுத்தினாள். அப்படியொரு எண் இல்லை என்றது.

தம்பியின் அழைப்பு மட்டும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அதைக் காதோடு அழுத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கண்ணாடிக் கதவு. பச்சை விளக்கு. இழுத்தாள், திறந்துகொண்டது. உள்ளே கும்மிருட்டு, ஆள் நடந்தால் நடந்த இடத்தில் மட்டும் எரிந்து, நின்றால் அணையும் விளக்குகள்.

“டேய், எங்கடா இருக்க?”

“அக்கா, வந்துட்டியா? இதோ நிக்கிறேனே. கையாட்டுறேன் பாரு.”

எட்டாம் வரிசையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே வெறும் தரை.

“தெரியுதாக்கா?”

“வா,” என்றாள். “என்னைப் பார்த்தே வா. நிக்காத.”

விளக்கு அணைந்தது. ஏழாம் வரிசையில் ஒன்று எரிந்தது. பிறகு ஆறாம் வரிசையில். வருகிறான். அவளுக்குத் தெரிந்த நடை, கொஞ்சம் இழுத்து இழுத்து. ஐந்து.

கூடத்தின் கோடியில், ஒன்பதாம் வரிசையில், இன்னொரு விளக்கு எரிந்தது.

எட்டு. ஏழு. அது இழுத்து நடக்கவில்லை.

“அக்கா, எனக்குப் பின்னாடி யாரு?”

“ஓடு.”

நான்காம் வரிசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. காதில் மூச்சு. அப்புறம் மூச்சு இல்லை. ஒரு விளக்கு அணைந்தது.

மற்றது எரிந்தபடி, இழுக்காத நடையில், அவள் திறந்து பிடித்திருந்த கதவை நோக்கி வந்தது. மூன்று. இரண்டு.