தேரிக் குதிரையைத் தேடிப் போன நண்டு

“குதிரையோட ரெண்டு காதும் மணலுக்கு வெளிய தெரியுது. கல்லுக் குதிர. எங்கண்ணால பாத்தேன்” என்று சுடலி சொன்னதும், கனியின் அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

சுடலி கனியின் சிநேகிதி. ஊருக்கு மேற்கே கிடக்கும் தேரியில் ஆடு மேய்ப்பவள். தேரி என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மணல். நடுநடுவே பனையும் முந்திரி காய்க்கும் கொல்லாமரமும் உடைமுள்ளும். ஆனி மாதத்துக் காற்று இன்றைக்கு ஒரு மேட்டைப் பெயர்த்து நாளைக்கு வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கும்.

கனியின் குடும்பத்துக் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலையும் அப்படித்தான் மணல் மூடியது. அவள் அப்பா பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. கோயில் வாசலில் ஒரு கல்குதிரை நின்றது என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. பங்குனி உத்திரத்தன்று ஊர் முழுக்க அவரவர் சாஸ்தா வாசலில் பொங்கல் வைக்கும்போது, கனியின் அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த குடும்பத்துக் கோயிலில் ஓரமாக நிற்பாள். எல்லா அடுப்பும் பொங்கி முடிந்த பிறகுதான் அவளுக்கு இடம். போன வருஷம் அங்கே ஒருத்தி, “ஒங்க சாஸ்தா எங்கன இருக்காருன்னு இன்னுமா தெரியல?” என்று கேட்டாள். அன்று அம்மாவின் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

“இப்பமே போணும். வெயில் ஏறிட்டுன்னா காத்து கெளம்பிரும். பொறவு காதும் இருக்காது, வாலும் இருக்காது” என்றாள் சுடலி.

கனியின் அண்ணன் சிவனணைந்தான் அதற்குள் நண்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். கடற்கரைக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டுவதற்காக அவன் வைத்திருக்கும் நாலு சக்கர மோட்டார் வண்டி அது. பைக்குக்கு இருப்பது போலக் கைப்பிடி, பரங்கிக்காய் போல நாலு டயர், பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் சிவப்புக் கொடி. மணலில் அது போகிற அழகைப் பார்த்துத் தெருப்பிள்ளைகள் வைத்த பெயர் நண்டு.

அவன் ஒரு கேனிலிருந்து டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றி, கேனைப் பின்னால் கட்டினான். அம்மா ஒரு பையில் மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றும் மஞ்சள் பொடியும் வைத்துக் கனியிடம் கொடுத்தாள்.

“கண்டா வை. காணாட்டி அப்படியே கொண்டு வந்துரு” என்றாள். கனியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மூன்று பேரும் நெருக்கி உட்கார, நண்டு சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் மேடு, இரண்டாவது மேடு எல்லாம் ஓட்டமாகவே போயிற்று. மூன்றாவது மேட்டின் உச்சியில், “கொஞ்சம் மெல்லப் போங்கண்ணே, எடம் பாக்கணும்” என்று சுடலி கத்தினாள். சிவனணைந்தான் வேகத்தைக் குறைத்தான். நண்டு இருமியது. குலுங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது.

பட்டனை அமுக்கினான். உறுமிக்கொண்டு உயிர் வந்தது. முறுக்கினால் பாய்கிறது, விட்டால் இருமிச் சாகிறது.

“அப்ப முறுக்கிட்டே போவோம்” என்று அவன் பாய்ச்சினான். பனைகள் பின்னால் ஓடின. கொஞ்ச நேரத்தில் சுடலி அவன் முதுகில் குத்தினாள்.

“ஏண்ணே, நான் ஆட்டுக்குப் பின்னால நடந்து பாத்த எடம்லா அது? நீங்க ராக்கெட்டுல கூட்டிட்டுப் போனா எனக்கு எல்லா மேடும் ஒண்ணாத்தான் தெரியும். மொட்டப்பனையத் தாண்டிட்டமான்னே தெரியல.”

மெல்லப் போனால் வண்டி நிற்கிறது, வேகமாகப் போனால் வழி தப்புகிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாட்டரி வேறு முனக ஆரம்பித்தது. ஒரு கொல்லாமர நிழலில் நண்டை நிறுத்தினார்கள். இலைகள் லேசாக அசைந்தன. காற்று எழுந்துகொண்டிருந்தது.

“நடந்தே போயிருவமா?” என்றாள் சுடலி.

“இவ்வளவு மணல்ல நடந்து தேடுறதுக்குள்ள காத்து மூடிரும்” என்றான் சிவனணைந்தான். ஓட்டம் குறைந்த நிலையில் இஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு திருகாணியைத் திருகினான். இஞ்சின் அலறியது, திரும்பவும் தொண்டை அடைத்தது போலத் தடுமாறியது.

கனி குனிந்து இஞ்சினைப் பார்த்தாள். அண்ணன் வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு கேள்வி மனதில் விழுந்தால் அது கிடந்து உருளும். இப்போதும் ஒன்று உருண்டது.

“எண்ணே, ஓடும்போது நல்லாருக்கு. சும்மா நிக்கும்போதுதான் கெட்டுப்போகுது. அது ஏன்?”

“அதத்தான் நானும் யோசிக்கேன். சும்மா இரு.”

அவன் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினான். கொஞ்சம் செம்மணல் உதிர்ந்தது, அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றினான். நுனி கறுக்கவில்லை; வெளுத்துப்போய் இருந்தது.

“பெட்ரோல் கூடிப்போனா கரி படியும்னு சொல்லுவியே? இது வெளுத்துல்லா இருக்கு. அப்ப பெட்ரோல் பத்தல போல” என்றாள் கனி. எல்லாவற்றையும் திரும்ப மாட்டியதும் அவளே குனிந்து, காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்புவதற்காக இழுக்கும் சோக்கைப் பாதி இழுத்தாள். சோக்கை இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். “இப்ப கெளப்பு.”

நண்டு கிளம்பியது. சிவனணைந்தான் கையை எடுத்தான். இருமல் இல்லை. டுக் டுக் டுக் என்று ஒரே சீராக ஓடியது.

சோக்கை உள்ளே தள்ளினாள். இருமல். இழுத்தாள். சீரானது.

“ஏட்டி, பால்குப்பிய எடுத்தா அழுது, குடுத்தா நிப்பாட்டுது” என்றாள் சுடலி.

சிவனணைந்தான் முகம் மாறியது. “ஒண்ணு, எங்கயோ காத்து கள்ளத்தனமா நொழையுது. இல்ல, மெதுவா ஓடும்போது பெட்ரோல் வார சின்ன ஓட்ட அடச்சிருக்கு. பெரிய ஓட்ட வேற. அதனாலதான் முறுக்குனா ஓடுது.”

காற்று நுழைகிறதா என்று பார்க்கக் கனி குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரையும் இஞ்சினையும் சேர்க்கும் ரப்பர் குழாயைச் சுற்றிப் பிழிந்தாள். வெடிப்பு இருந்தால் தண்ணீரை உறிஞ்சி இஞ்சினின் சத்தம் மாறும். மாறவில்லை.

பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார்கள். உள்ளே சிவப்பாக மணல் இருக்கும் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். இருந்தது வெள்ளை. மாவு போல, மெல்லிய வெள்ளைப் படிவு.

“உப்புக்காத்தா இருக்கும். கடக்கரையில கெடக்கிற வண்டிதான?” என்றான் அண்ணன்.

கனிக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்ரோல் உலரும்வரை அதை விரலில் வைத்து உரசினாள். உப்பு நறநறக்கும், இது வழுக்கியது. சட்டென்று அம்மா கொடுத்த மஞ்சள் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. அதில் அந்த வெள்ளையைத் தொட்டுக் கலக்கினாள்.

மஞ்சள் சிவந்தது. ஆரத்தித் தட்டுப் போல.

“சுண்ணாம்பு” என்றாள் சுடலி.

மூவரும் வண்டியின் பின்னால் கட்டியிருந்த பெட்ரோல் கேனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எண்ணே, அது எந்தக் கேன்?”

சிவனணைந்தான் தலையைச் சொறிந்தான். “பதனீ கேன்தான். ஆனா நல்லாக் கழுவிக் காய வச்சேன் கேட்டியா.”

பதனீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அது கேனுக்குள்ளும் ஏடாகப் படிந்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது. காய்ந்து, குலுங்கக் குலுங்கப் பொடியாக உதிர்ந்து பெட்ரோலோடு இறங்கியிருக்கிறது.

“நண்டுக்கு வெத்தல பாக்கு மட்டுந்தான் வைக்கல நீங்க” என்றாள் சுடலி.

அவன் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் அந்தச் சின்ன ஜெட்டைக் கழற்றினான். பித்தளையில் செய்த துண்டு. நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளை. வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் வரவில்லை. அவன் சட்டையிலிருந்து ஊக்கை எடுத்தான்.

“ஊக்கு வேண்டாம். ஓட்ட பெருசாயிட்டுன்னா அப்புறம் பெட்ரோல் கூடிப்போகும்” என்று கனி கையைப் பிடித்தாள். தேங்காய் மட்டையிலிருந்து மெல்லிய நார் ஒன்றைக் கிழித்தாள். நார் உள்ளே போனது, வெள்ளையாக வெளியே வந்தது. வாயை வைத்து ஊதினாள். மறுபடி வெயிலுக்கு நேரே பிடித்தபோது, துளைக்குள் குட்டியாக ஒரு சூரியன் தெரிந்தது.

ஜெட்டையும் கிண்ணத்தையும் மாட்டி, டாங்கியில் இருந்ததை எல்லாம் கேனில் இறக்கி, தெளியவிட்டு, நாலாக மடித்த துண்டில் வடிகட்டி, அடிக்கசண்டைக் கேனிலேயே விட்டுவிட்டு ஊற்றினார்கள். திருகாணியை அண்ணன் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். பாட்டரியில் மிச்சமிருந்த உயிரையெல்லாம் சேர்த்துப் பட்டனை அமுக்கினான்.

டுக் டுக் டுக். சோக்கு இல்லாமலே.

இப்போது நண்டு நடந்தது. ஆடு நடக்கும் வேகத்தில் நடந்தது. “ஆங், இப்பத் தெரியுது. அந்தா மொட்டப்பனை. இங்கன என் கிடாய் முள்ளுல மாட்டுச்சு” என்று சுடலி வழி சொன்னாள்.

ஆனால் அவள் காட்டிய மேட்டில் ஒன்றுமே இல்லை. காற்று மணலை வாரித் தூவிக்கொண்டிருந்தது.

“இங்கனதான். சத்தியமா இங்கனதான்” என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது.

“நிறுத்தாத, சுத்தி வா. மெல்ல” என்றாள் கனி. நண்டு மேட்டை வட்டமிட்டது. மணல் முழுக்கக் காற்று வரி வரியாக அலை போட்டிருந்தது. எல்லா வரியும் ஒரே திசை. கனி அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் வரிகள் பிரிந்து, வளைந்து, அப்பால் போய்ச் சேர்ந்தன; ஓடையில் கிடக்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் போவது மாதிரி. இங்கே மட்டும் ஏன்?

அவள் குதித்து இறங்கிக் கையால் பறித்தாள். மற்ற இருவரும் வந்து விழுந்தார்கள். முழங்கை புதையும் ஆழத்தில் விரல் எதிலோ இடித்தது. கூரான கல்.

காது.

பின்னால் நண்டு உறுமாமல் டுக் டுக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிடரியும் நெற்றியும் தெரியும் வரை தோண்டினார்கள். கனி மிச்ச மஞ்சளைக் குழைத்து நெற்றியில் பூசினாள். அண்ணன் தேங்காயை உடைத்தான். கிளம்பும் முன்பு நண்டின் கொடிக்கம்பியைக் கழற்றிக் குதிரையின் கழுத்தோரம் ஆழமாக ஊன்றினான்; கைப்பேசியிலும் இடத்தைக் குறித்துக்கொண்டான். இனி மணல் மூடினாலும் இடம் தப்பாது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். கனி பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. அம்மா பையை வாங்கி மடித்தாள்.

“எந்தப் பக்கம் பாத்து நிக்கி?”

“கெழக்க. நம்ம ஊரப் பாத்துத்தான்.”

அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு நடந்ததையெல்லாம் கேட்டு, “இனிமே எம் பதனீ கேன்ல கை வச்ச, தொலஞ்ச” என்று மகனைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள்.

“பங்குனிக்கு நம்ம சாஸ்தா வாசல்லயும் எவளாவது பானையத் தூக்கிட்டு ஓரமா வந்து நிப்பா கனி. மொத அடுப்பு அவளுக்குத்தான்.”