இலை விழுங்கிய மீன்

"வீ...ல்!"

தொட்டி கழுவ வந்த பெண்ணின் அலறலில் மீன் பண்ணையே ஓடி வந்தது.

ஐந்தாம் தொட்டி. மீன்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டோடு குப்புற மிதந்தார்... பண்ணையின் ஆராய்ச்சிக்கூட டாக்டரம்மா!

இன்ஸ்பெக்டர் மேடம் வந்தார். பின்னாலேயே கான்ஸ்டபிள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

உடலை வெளியே எடுத்தார்கள். கழுத்தில் விரல் தடங்கள்! மூடிய கைக்குள் பச்சை நூல்!

"கொலை மாதிரி தெரியுது மேடம்."

"பின்னே? கோட் போட்டுக்கிட்டா நீச்சலடிக்க வருவாங்க?"

பண்ணை முதலாளி கைகூப்பியபடி வந்தார். பச்சைக் கோட். அதில் இலை வடிவப் பச்சைப் பட்டன்கள், தனக்கென்றே ஆர்டர் கொடுத்துச் செய்தவை. இயற்கையின் காவலராம்! பட்டன்கள் என்னவோ சுத்தமான பிளாஸ்டிக்.

சுவரில் அவருடைய விளம்பரம் பல்லை இளித்தது. 'தண்ணீரில் குப்பை! மீன் வயிற்றில் பிளாஸ்டிக்! தீவனத்தில் எங்கள் மூலிகைப் பொடியைக் கலங்கள்... உள்ளே போனது ஒரே நாளில் வெளியே!'

"அவங்க எனக்குத் தங்கச்சி மாதிரி மேடம்." முதலாளி கண்ணைத் துடைத்தார். துடைக்க அங்கே ஈரம் எதுவும் இல்லை. "கொன்னது அவங்க வீட்டுக்காரன்தான்! நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் இங்கேயே சண்டை போட்டாங்களாம்."

தீவன மூட்டை மேல் அந்தக் கணவன் உட்கார்ந்திருந்தான். பம்ப் மெக்கானிக். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சண்டைதான் மேடம். இந்த வேலை வேணாம், விட்டுடுன்னு கெஞ்சினேன். நாளைக்கு மீனை வெட்டிப் பாத்துட்டு விட்டுடறேன்னா. பம்பை சரி பண்ணிட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்..." குரல் உடைந்தது. "பொண்ணு ஸ்கூல் விட்டு வரும்போது நான் வீட்ல இருக்கணும் மேடம். அவளுக்கு இனிமே என்னை விட்டா யாருமில்ல!"

"நடிப்பு! விலங்கை மாட்டுங்க மேடம்," முதலாளி அவசரப்பட்டார். "பொடி வாங்க வந்த பெரிய வியாபாரி காத்துக்கிட்டிருக்கார்."

ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். இவருக்கு வியாபாரம் கெட்டுவிடக் கூடாதாம்!

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கைத் தனியே அழைத்துப் போய் ஏதோ கேட்டார். திரும்பி வந்தவரின் பார்வை முதலாளியின் கோட்டில் நின்றது. ஒரு பட்டன் இல்லை. அந்த இடத்தில் அறுந்த பச்சை நூல்.

"தொட்டி அடியில தேடுங்க!"

தேடினார்கள். பட்டன் இல்லை.

"அப்போ மீனை வெட்டுங்க. பிளாஸ்டிக் தின்னே வளர்ந்த மீனுங்க... இலையைக் கண்டா விடுமா?"

வெட்டினார்கள். ஆறாவது மீனின் வயிற்றில்... பச்சை இலை!

வேடிக்கை பார்க்க வந்த வியாபாரி வாயைப் பிளந்தார்.

"அதுவா!" முதலாளி சிரித்தார். "போன வாரமே இந்தத் தொட்டியில விழுந்துச்சு மேடம். நேத்து நான் இந்தப் பக்கமே வரல!"

"போன வாரம் முழுங்கின பட்டன் இன்னும் வயித்துலயே இருக்கா? சுவத்துல ஒரே நாள்னு போட்டிருக்கீங்களே?"

முதலாளி வியாபாரியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பொடி வேலை செய்யும் என்றால், மீன் பட்டனை விழுங்கியது நேற்று. கழுத்துக்குக் கயிறு. வேலை செய்யாது என்றால், வியாபாரம் போச்சு!

கயிறுதான் அதிக பயமாக இருந்தது.

"பொடி... வேலை செய்யாது மேடம். சும்மா இலைத் தூள்."

வியாபாரி காரைப் பார்த்து நடந்தார்.

"இதைத்தானே டாக்டரம்மா இன்னைக்கு மீனை வெட்டி நிரூபிக்க இருந்தாங்க? கொலைக்குக் காரணம் கிடைச்சாச்சு!"

"காரணம் இருந்தா போதுமா? பட்டன் விழுந்தது போன வாரம்!"

"எப்படி சார்? பம்ப் ரிப்பேருக்காக இந்தத் தொட்டியைக் காலி பண்ணி, தேய்ச்சுக் கழுவி, தண்ணி மாத்தினது நேத்து சாயங்காலம். வேற கொட்டகையிலிருந்து இந்த மீனுங்களைக் கொண்டு வந்து விட்டது அதுக்கப்புறம்!"

முதலாளியின் முகம் வெளிறியது. சொந்தத் தொட்டியில் நேற்று என்ன வேலை நடந்தது என்று கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளாத முதலாளி!

"அவ... கேக்க மாட்டேன்னுட்டா மேடம். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்..."

"விலங்கு!" என்றார் இன்ஸ்பெக்டர். மெக்கானிக்கின் தோளைத் தொட்டார். "நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. பொண்ணு வந்துடுவா."

அவன் கும்பிட்டுவிட்டு நடந்தான்.

முதலாளி ஜீப்பில் ஏறத் தயங்கினார். கான்ஸ்டபிள் ஒரு பொடி டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"பயப்படாம ஏறுங்க சார். உள்ளே போனது ஒரே நாள்ல வெளியே வந்துடும்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க!"