சாணைச் சக்கரத்தில் இரண்டு பொட்டு

உமாபதி மாமா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது, அவர் தோளில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி இருந்தது. அது பவன்குமாரைவிட உயரமாக இருந்தது.

"இன்னா மாமா இது? நைனா கரும்பு குடுத்து அனுப்பிச்சாரா?" என்று கேட்டான் பவன்குமார். அவனுக்கு ஆறு வயது.

"குவைத்துல ஏதுடா கரும்பு? லைட்டு. எல்இடி டியூப்லைட்டு. மெட்ராசுல எறங்கனதும் ஆறு வாங்கினு போயி நீயே மாட்டிடுன்னு உங்க நைனா சொல்லிட்டாரு."

உமாபதி மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. குவைத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை.

பவன்குமாரின் அக்கா சந்தியா ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அப்பா, அதாவது நைனா, ஏன் லைட்டு வாங்கச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆந்திராவில் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது அவர்களுடைய கிராமம். கழனியின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு பட்டறை உண்டு. மோட்டார் பழுது பார்ப்பது, கலப்பைக்குக் கொழு அடிப்பது, கரும்புக் கத்திக்குச் சாணை பிடிப்பது எல்லாம் அங்கேதான். முன்பு நைனா ஹேமநாத் அதை நடத்தினார். இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட, அவர் குவைத்தில் ஒரு கார் கேரேஜுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதிலிருந்து பட்டறையை நடத்துவது அம்மா பிரமிளாதான். ஆரம்பத்தில் ஊரில் சிலர் சிரித்தார்கள். அம்மா காயில் கட்டிய மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டறையில் ஒரே ஒரு ஜன்னல். சாணை மிஷினுக்கு மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. பகலிலும் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டில் ஆடி மாதம் ஒருநாள் அம்மா சுத்தியலால் தன் கட்டைவிரலிலேயே அடித்துக்கொண்டாள். நகம் கறுத்துப்போனது. வீடியோ காலில் அம்மா அந்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நைனா பார்த்துவிட்டார். மாமா ஊருக்குக் கிளம்பியபோது லைட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே உமாபதி மாமா ஆறு லைட்டுகளையும் மாட்டிவிட்டார். அம்மா சுவிட்சைப் போட்டாள். பட்டறை முழுக்க வெள்ளை வெளிச்சம். தரையில் தொலைந்துபோயிருந்த நான்கு ஸ்க்ரூக்கள்கூடக் கண்ணில் பட்டன. அம்மா கைகூப்பி, கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைச் சந்தியா பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

மாமா பழைய குண்டு பல்பைக் கழற்றினார். "தூக்கிப் போட்டுடட்டுமாக்கா?"

"வேணாம். நல்லாத்தான எரியுது. வயரோட அந்த ஆணியில மாட்டி வை."

பூஜைக்குப் பொட்டு வைப்பது சந்தியாவின் வேலை. சுத்தியல், ஸ்பானர், இரும்பைக் கவ்வும் பட்டறைப் பிடி, நைனாவின் பழைய டூல்ஸ் பெட்டி என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். பவன்குமார் தன் பங்குக்கு வீட்டு நாயின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான். அது சந்தனத்தை நக்கப் பார்த்து, நாக்கு எட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

சாணைச் சக்கரத்தின் பக்கவாட்டில் சந்தியா பெரிய பொட்டாக வைத்தாள். ஒன்றே ஒன்று.

மறுநாள் விஜயதசமி. ஓய்வெடுத்த ஆயுதங்களை மறுபடி கையில் எடுக்கும் நாள். பொரியும் கடலையும் தின்றுகொண்டே பிள்ளைகள் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ரங்கையா வந்து நின்றிருந்தார். பக்கத்து ஊர்க் கரும்பு விவசாயி. பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் பேசுவார்.

"ஏமம்மா பிரமிளா, மோட்டார் ரெடியா? கத்தியும் நாலு கீது. கொஞ்சம் சாணை புடிச்சி குடும்மா."

அம்மா அவருடைய மோட்டாரை வாசலில் இருந்த தொட்டியில் இறக்கி ஓடவிட்டாள். அது பட்டறையே அதிரும்படி இரைந்தது. பிறகு சாணை மிஷினைப் போட்டு முதல் கத்தியைத் தீட்டினாள். தீட்டி முடித்த நேரத்தில் வெளியே ரங்கையா கத்தினார். தொட்டியில் பைப் பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் நாலாபக்கமும் பீய்ச்சி அடித்தது. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். சாணை மிஷினை நிறுத்த மறந்துவிட்டாள். மோட்டார் இரைச்சலில் அதன் சத்தமும் கேட்கவில்லை.

சந்தியா மேஜையில் நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தவள் சாணைச் சக்கரத்தைப் பார்த்தாள். அதில் இரண்டு பொட்டு இருந்தது. ஒன்று இந்தப் பக்கம், நேர் எதிரே இன்னொன்று.

"டேய் பவனு! சாணையில நீ பொட்டு வெச்சியா?"

"நான் நாய்க்குத்தான் வெச்சேன்."

"பொய் சொல்லாத. நான் ஒன்னுதான் வெச்சேன். அங்க பாரு, ரெண்டு கீது. இழுத்து வேற வெச்சிருக்கற."

"நான் வெக்கலேக்கா!" பவன்குமாருக்கு அழுகை வந்துவிட்டது.

"வெச்சதும் இல்லாம அழுவறியா? போ, அந்தத் துணிய எடுத்து நீயே தொடைச்சிட்டு வா."

பவன்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே துணியை எடுத்துக்கொண்டு போனான். சக்கரத்துக்கு முன்னால் நின்று துணியை நீட்டினான்.

துணியின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது.

இங்கே ஏது காற்று என்றுதான் சந்தியா முதலில் நினைத்தாள். அடுத்த நொடி, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மேஜையைத் தாண்டி ஓடி, தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். துணியைச் சக்கரம் பிடுங்கிக்கொண்டது. சுருட்டி, எதிர்ச் சுவரில் வீசி அடித்தது. சுவரிலிருந்து விழுந்தபோது அது துணியாக இல்லை, நாராக இருந்தது.

அம்மா ஓடி வந்து மிஷினை நிறுத்தினாள். பவன்குமாரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சந்தியாவைப் பார்த்தாள்.

"சுத்தறது தெரியலியாடி ஒனக்கு? பொறந்ததுலேர்ந்து இந்தச் சக்கரத்தப் பாத்துக்கினுதான இருக்கற?"

"நின்னுக்கினு இருந்த மாதிரியே தெரிஞ்சுதும்மா." சந்தியா தம்பியின் சட்டையை இன்னும் விடவில்லை. "நான்தான் அவன தொடைக்கச் சொன்னேன். அவன் மேல தப்பு இல்ல."

அம்மா குனிந்து, நாராகக் கிடந்த துணியைப் பொறுக்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சந்தியாவுக்குத் தோன்றியது.

மத்தியானம் வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே கேள்விதான் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றுபோன சக்கரத்தை அவள் பார்த்தாள். இப்போது அதில் ஒரே பொட்டுதான் இருந்தது. அப்படியானால் அந்த இரண்டாவது பொட்டு எங்கே போயிற்று?

அவள் தலைக்கு மேலே பார்த்தாள். நேற்றுவரை அங்கே குண்டு பல்பு இருந்தது. பட்டறையில் புதிதாக வந்தது லைட்டு ஒன்றுதான்.

"அம்மா, ஒரே ஒரு தடவ நான் சொல்றத செய்யறியா? நான் எதையும் தொடமாட்டேன். இங்கயே நிக்கறேன்."

"நைனா அனுப்புன லைட்டுல குத்தம் சொல்லப் போறியா?"

"குத்தம் சொல்லல. நீயே பாரு."

வேறு மோட்டார் எதுவும் ஓடாத நேரம். அம்மா சாணை மிஷினைப் போட்டாள். சக்கரம் வேகம் பிடித்தது. 'விர்' என்ற சத்தம் காதில் நன்றாகக் கேட்டது. ஆனால் வெள்ளை வெளிச்சத்தில், லேசாக இழுபட்ட இரண்டு பொட்டுகள் தெரிந்தன. அவை பின்பக்கமாக மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தன.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப லைட்ட அணைம்மா."

அம்மா அணைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பொட்டுகள் இரண்டும் காணாமல் போயின. சக்கரத்தில் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்றுதான் தெரிந்தது. வேகமாகச் சுற்றும் சக்கரம் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரிந்தது.

அம்மா மறுபடி லைட்டைப் போட்டாள். அணைத்தாள். மீண்டும் போட்டாள். பிறகு மிஷினை நிறுத்திவிட்டு, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

உமாபதி மாமா வந்து பார்த்தபோது அவர் முகமும் வாடியது.

"இது நான் யோசிச்சிருக்க வேண்டிய விசயம்க்கா. இந்த லைட்டு ஒரு செகண்டுக்கு நூறு தடவ அணைஞ்சி எரியுது. நம்ம கண்ணுக்கு அது தெரியாது. ஒரு தடவ அணைஞ்சி எரியறதுக்குள்ள சக்கரம் அரைச் சுத்து சுத்திடுது. அதனாலதான் பொட்டு ரெண்டா தெரியுது. குண்டு பல்புல கம்பி சூடு ஆறாது, அதனால அணையாது. ஒசந்த ரக எல்இடியும் இப்டி பண்ணாது. நான்தான் பாக்காம வாங்கிட்டேன்."

அன்றைக்கே மாமா சாணை மிஷினை மூலைக்கு நகர்த்தினார். மற்ற லைட்டுகளின் வெளிச்சம் விழாதபடி ஒரு தகரத்தை நிறுத்தினார். அந்த மூலைக்கு மேலிருந்த லைட்டைக் கழற்றி, ஆணியில் தொங்கிய குண்டு பல்பை அங்கே மாட்டினார். சந்தியா சக்கரத்தில் பொட்டைப் புதிதாக வைத்தாள்.

"ஒரே ஒரு பொட்டு தெளிவா தெரியணும், சுவிட்சும் அணைஞ்சிருக்கணும். அப்பதான் கிட்டப் போவணும்," என்று தம்பியிடம் சொன்னாள். "மொதல்ல, என்ன மன்னிச்சிடுடா."

"பொரி குடு, மன்னிக்கறேன்," என்றான் பவன்குமார்.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. நைனா வீடியோ காலில் பேசும் நாள். போன் அடிக்கும் முன்பே அம்மா சந்தியாவின் தோளைத் தொட்டாள்.

"இத அவருகிட்ட சொல்லாத. அங்க தனியா கீறாரு. நம்மள நெனச்சி ஆசையா அனுப்பனது. மனசு ஒடஞ்சிடுவாரு."

சந்தியா தலையாட்டினாள்.

நைனாவின் முகம் திரையில் தெரிந்தது. வெயிலில் இன்னும் கறுத்திருந்தார். "லைட்ட காட்டு கண்ணு. ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்."

சந்தியா போனைத் தூக்கி மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். நைனா எண்ணிக்கொண்டே வந்தார். "ஒன்னு, ரெண்டு... அஞ்சு. ஆறாவது எங்க கண்ணு?"

"அது வந்து..." என்று அம்மா இழுத்தாள். "மாட்டும்போதே ஒடஞ்சி..."

சந்தியா திரையையே பார்த்தாள். நைனாவின் கை தெரிந்தது. விரல் இடுக்குகளில் போகாத கிரீஸ் கறை. நைனாவும் தினமும் ஒரு சாணைச் சக்கரத்துக்கு முன்னால்தானே நிற்கிறார்? அந்த நினைப்பு வந்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒடையல நைனா. நாங்கதான் கழட்டிட்டோம்," என்றாள். துணி, பொட்டு, தம்பி என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் சொல்லித்தான் தம்பி போனான் என்பதையும் சொன்னாள்.

நைனா போனைக் கண்ணருகே கொண்டுவந்தார். "பவனு எங்க?" என்றார்.

பவன்குமார் பத்து விரல்களையும் கேமராவில் ஒட்டிக் காட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று காலையும் தூக்கிக் காட்டினான். நைனா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்கம்மா கை நல்லா இருக்கணும்னுதான் கண்ணு அனுப்பனேன்."

"தெரியும் நைனா. நைனா, உங்க கேரேஜுல இன்னா லைட்டு?"

நைனா தன் கைகளைப் பார்த்தார்.

"இதே மாதிரிதான்," என்றார் மெதுவாக. "அதப் பாத்துத்தான் உங்களுக்கும் வாங்கச் சொன்னேன்."

"சாணை மிஷினு?"

"ரெண்டு கீது."

"அதுல பொட்டு வெச்சிப் பாரு நைனா. பக்கவாட்டுல, ஒன்னே ஒன்னு. மிஷினு நிக்கும்போது வெக்கணும்."

அம்மா சந்தியாவைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவளை விட்டு நகரவில்லை.

அடுத்த வெள்ளி வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. போன் அடித்ததும் மூன்று பேரும் ஓடினார்கள்.

நைனா கேரேஜில் எடுத்த ஒரு வீடியோவை முதலில் அனுப்பியிருந்தார். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு சாணைச் சக்கரம். அதில் இரண்டு சிவப்புப் பொட்டு. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். சக்கரம் வேகம் குறைந்து நின்றது. ஒரு பொட்டுதான் இருந்தது. பின்னால் பல பாஷைகளில் ஆட்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

"திருச்சானூர் கோயில் குங்குமம்," என்றார் நைனா. "கெளம்பும்போது உங்கம்மா பர்சுல வெச்சி அனுப்பனது. கிரீஸ்ல கொழைச்சி வெச்சேன். மொதலாளியும் வந்து பாத்தாரு. ரெண்டு மிஷினுக்கும் மேல வேற லைட்டு மாத்திட்டாங்க. இனிமே தெனமும் பொட்டு வெக்கறது என் வேலைன்னு சொல்லிட்டாங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பவன்குமார் மட்டும் போனைப் பிடுங்கிக்கொண்டான். "நைனா, கையக் காட்டு."

"எதுக்குடா?"

"காட்டு நைனா. ரெண்டு கையும்."

நைனா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பவன்குமார் திரையில் விரலை வைத்து, ஒன்றையும் விடாமல், சத்தமாக எண்ணினான்.

"பத்து. சரியா கீது."