கணக்கில் வராத செருப்பு

கலங்கரை விளக்கத்தில் மேலே ஏறப்போனவர்கள் மூன்று பேர்: அவள், அவள் கணவன், கொழுந்தன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் காவல்காரர். வேறு யாரும் இல்லை. ஆனால் கதவுக்கு உள்ளே, சுவரோரம், நாலு ஜோடி செருப்பு கிடந்தது.

நாலாவது, பெண்கள் போடும் பழைய ரப்பர் செருப்பு. வார் வெளுத்திருந்தது. காய்ந்த தரையில் அது மட்டும் ஈரமாக இருந்தது.

"மேல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நான் வேலைக்கு வந்ததுலேருந்து அது கிடக்குது. அதை நான் கணக்குல சேர்க்கிறதில்ல."

விளக்குக் கண்ணாடியை மணல் கீறிவிடும் என்பதால் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். மூடும்போது மேலே போய்ப் பார்க்கக் காவல்காரருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. செருப்பெல்லாம் போய்விட்டதா என்று பார்ப்பார், பூட்டுவார். ஆள் ஏமாத்தும், செருப்பு ஏமாத்தாது என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். இன்றோடு சீசன் முடிகிறது, இனி மழைக்காலம் போனால்தான் திறப்பேன், சீக்கிரம் இறங்கிவிடுங்கள் என்றார்.

லீவு கிடைத்தால் ஊர் உலகம் கடைக்கும் சினிமாவுக்கும் போகும். இவர்கள் கலங்கரை விளக்கம் தேடிப் போவார்கள். கணவனுடைய பைத்தியம் அது. கல்யாணத்துக்குப் பிறகு அவளையும் பிடித்துக்கொண்டது. உயரம் என்றாலே அவளுக்குப் பயம். ஆனாலும் ஒவ்வொரு உச்சியிலும் அவள் ஒரு படம் எடுக்காமல் இறங்கியதில்லை. ஹால் சுவரில் இடமே பாக்கியில்லை.

உச்சியில் துருவும் எண்ணெயும் கலந்த வாடை. விளக்கறையைச் சுற்றி ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் வட்டமாக ஒரு நடைபாதை, இடுப்பளவு கம்பி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் இருவரும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

"அண்ணி படம் எடுக்கிறதுக்குள்ள கடலே வத்திடும்" என்றான் கொழுந்தன். வண்டியைத் திருப்பி வைக்கிறேன், வந்து சேர் என்று சொல்லிவிட்டுக் கணவனும் இறங்கினான். அவளுடைய போன் வண்டியில் சார்ஜில் கிடந்தது.

அவள் கேமராவைக் கண்ணில் வைத்தபோது, வட்டத்தின் மறுபக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அப்பால், ஈரத்துணியைத் தரையில் ஒற்றி ஒற்றி எடுப்பதுபோல ஒரு காலடிச் சத்தம் நிதானமாக நகர்ந்தது.

"என்னங்க, விளையாடாதீங்க" என்றாள்.

சத்தம் நின்றது. "என்னங்க, விளையாடாதீங்க" என்றது வளைவு. எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். எதிரொலி இவ்வளவு நேரம் கழித்தா வரும்?

இரண்டடி வைத்தாள். அதுவும் இரண்டடி வைத்தது. நின்றாள். நின்றது. சிமெண்டில் வெறுங்கால் தடங்கள், உப்புத் தண்ணீர் தேங்கிய தடங்கள், வளைந்து போயின. பாசி நாற்றம். விளக்கறைக் கண்ணாடி வழியாக மறுபக்கம் பார்த்தாள். அவளுடைய சுடிதாரின் நிறம். அவளுடைய பின்னல். சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அது படியிறங்கியது.

அவள் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இறங்கினால் அது முன்னால் இருக்கும். இறங்காவிட்டால் கதவு. கதவு நினைவுக்கு வந்ததும் இறங்கினாள். சுழன்று போகும் படி. இருட்டு. கைக்குப் பட்ட சுவரெல்லாம் ஈரம். கீழே, தூரத்தில், கணவனின் குரல்.

"வந்துட்டியா? படம் எடுத்தியா?"

"எடுத்தாச்சு" என்றது அவளுடைய குரல்.

ஓடினாள். கால் வழுக்கியது. முட்டியில் அடி. எழுந்தாள். கடைசி வளைவு.

கதவு பாதி மூடியிருந்தது. மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவளுடைய பழுப்புச் செருப்பு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த பாதம் ஊறி வெளுத்திருந்தது. கணவன் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். முகத்தைப் பார்த்துத்தான் பேசினான். சிரித்தான்.

காவல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். படியை அல்ல, சுவரோரத்தை. கணக்கில் வராத அந்த ஒரு ஜோடி மட்டும் கிடந்தது.

கத்தினாள். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. குரல் வெளியே போய்விட்டிருந்தது. வண்டியில் ஏறி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் காலடியில் தரை நனைந்தது.

கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.