கதவடியில் ஈரத்துணி

அன்று கணவர் வந்து கதவைத் தட்டியது, தட்ட வேண்டிய நேரத்துக்கு வெகு முன்னால்.

"வாடை போயிடுச்சு. திற."

முயலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் பாதி எழுந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மணி மூன்று. அவர் பின்னறைக்குள் போனது பன்னிரண்டரைக்கு. பெரிய அலமாரிக்கு வார்னிஷ் அடிக்கிற நாளில் வாடை அடங்கி அவர் வந்து தட்டுவதற்குள் இருட்டிவிடும். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது முந்தியதில்லை.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

வெளியே சந்தின் தகரக் கூரை மேல் மழை அடித்து வாங்கிக்கொண்டிருந்தது. காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். தனியாகப் பட்டறை கிடையாது, வீட்டின் பின்னறைதான் பட்டறை. அவளுக்கோ மூக்கு வேலை செய்யாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் திரும்பிப் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, அடுப்பில் காஸ் கசிந்தாலும் தெரியாது. போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள், முயல்கள் மட்டும் இல்லாதிருந்தால்.

அப்போது நான்கு முயல்கள். ஒரு நாள் குளியலறையைக் கழுவப் போனவள், பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள். மூக்குள்ள யாரும் அடுத்த நொடியே வெளியே ஓடியிருப்பார்கள். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கண் எரிந்தபோதுதான் உறைத்தது. கூண்டு பக்கத்து நடையில் இருந்தது. நான்கில் சின்னது, அவள் மடியில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கிற குட்டி, வாயைத் திறந்து திறந்து மூடி அவள் கையிலேயே அடங்கிப்போனது. அன்றிரவு அவள் அழுத அழுகையைப் பார்த்து, அவரும் சாப்பிடாமல் படுத்தார்.

அதற்கப்புறம் வீட்டில் கொசுவத்தி கிடையாது, பாச்சை உருண்டை கிடையாது, தரை துடைக்க வெறும் தண்ணீர்தான். பாலிஷ் நாளில் முயல்களோடு அவளும் முன்பக்கத்து முயலறைக்குள் போய்விட வேண்டும். போவதற்கு முன்னால் பின்னறைக் கதவடியில் வெளியிலிருந்து ஓர் ஈரத்துணியைச் சுருட்டி அடைக்க வேண்டும். உள்ளே வந்ததும் முயலறைக் கதவடியில் இன்னொன்று. வாடை சுத்தமாகப் போனபிறகு அவர் வந்து சொல்வார். "முயலுக்குப் பண்ற உபசாரத்துல கால்வாசி எனக்குப் பண்ணியிருந்தா நானும் கொழுகொழுன்னு இருந்திருப்பேன்" என்று கேலி பேசுவார். பேசிக்கொண்டே துணியை நனைத்துப் பிழிந்து நீட்டுவதும் அவர்தான். வீட்டுக்கு மூக்கு அவர் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

குனிந்து துணியை உருவப் போனாள்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். மேஸ்திரி. மூன்றில் பெரியது, மற்ற இரண்டும் தின்பதை உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும், அதனால் அந்தப் பெயர். சாதாரணமாகத் தும்மக்கூடச் சோம்பல்படுகிற அது, பின்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அறைந்திருந்தது. மற்ற இரண்டு முயல்களான பஞ்சும் கரிச்சட்டியும் ஜன்னல் சுவரோடு ஒட்டி, ஒன்றன் வயிற்றுக்குள் ஒன்று முகத்தைப் புதைத்துக் கிடந்தன. பிரித்துப் போட்ட கீரையை ஒன்றும் தொடவில்லை. மேஸ்திரி மட்டும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மூக்கு அசைகிற வேகத்தில் மீசை முழுக்க நடுங்கியது. தன் மூக்கு போனபிறகு அவள் இவற்றின் மூக்கைப் பார்க்கப் பழகியிருந்தாள். நல்ல காற்றில் நிதானமாக அசையும், கெட்ட காற்றில் துடிக்கும். இப்போது துடித்தது.

"என்னங்க, இன்னும் வாடை இருக்கும்போல. இதுங்க மிரளுது" என்றாள் கதவைப் பார்த்து.

"வாடை போயிடுச்சு. திற."

அதே குரல். அவருடைய தொண்டைக்கட்டு, 'திற'வை அவர் கொஞ்சம் இழுக்கிற இழுப்பு, எல்லாம் அப்படியே. முதல் தடவை சொன்னதற்கும் இப்போது சொன்னதற்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்தால் அவர் சலித்துக்கொள்வார், 'செவுட்டு மகாராணி' என்று ஏதாவது சேர்த்துக்கொள்வார்.

"அலமாரி முடிஞ்சிடுச்சா?"

"வாடை போயிடுச்சு. திற."

"நான் கேட்டது காதுல விழுதா, இல்லையா? விளையாடாதீங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. காலடி மாற்றுகிற சத்தம் இல்லை, மூச்சு இல்லை, அவர் செருப்பின் சரசரப்பு இல்லை. ஆனாலும் தெரிந்தது. கதவடியில் சுருட்டி வைத்திருந்த ஈரத்துணி லேசாக அந்தப் பக்கம் இழுபட்டது. பிறகு இந்தப் பக்கம் புடைத்தது. மறுபடி அந்தப் பக்கம். அவள் முழங்காலை மடக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று என்று சொல்லிக்கொண்டாள். மழைக்காற்று. ஆனால் காற்று இத்தனை ஒழுங்காக வந்து போகாது என்பது அவளுக்கே தெரிந்தது.

கைப்பேசியை எடுத்து அவருக்கு அழைத்தாள். எதிரில் நிற்கிறவருக்குப் போன் போடுகிறோமே, கேட்டால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று ஒரு வெட்கமும் வந்தது. அந்த வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மழை ஓய்ந்தது. தகரத்தின் இரைச்சல் சட்டென்று அறுந்து, வீட்டின் சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சந்தில் தண்ணீர் சொட்டுவது. கரிச்சட்டியின் மூச்சு. அப்புறம், தூரத்தில், நடையைத் தாண்டி, மூடிய பின்னறைக்குள்ளே, அவருடைய போன் அடிப்பது. சட்டைப் பையை விட்டு அவர் போனை எடுத்ததே இல்லை. குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே சட்டையோடுதான் தொங்கும்.

போன் அங்கே அடித்துக்கொண்டிருந்தது.

"திற" என்றது இங்கே.

அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஜன்னல் கம்பியில் முதுகை முட்டினாள். போன் தானாக நின்றது. அது நின்றபின் கேட்ட சத்தம் ஜன்னலுக்கு வெளியே, சந்திலிருந்து வந்தது. பாலிதீன் படபடக்கிற சத்தம். என்ன பாலிதீன் என்று ஒரு கணம் புரியவில்லை.

புரிந்ததும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள்.

காலையில் அவள்தான் அதை ஒட்டினாள். பின்னறையின் காற்றுப்போக்கி விசிறி சந்துக்குள்தான் ஊதும். முயலறை ஜன்னலும் அதே சந்தில்தான். அன்றைக்குக் காற்று இந்தப் பக்கமாக வீசியது. வாடை சுற்றிக்கொண்டு வந்து முயல்களைத் தொட்டுவிடுமே என்று, முக்காலி போட்டு ஏறி, விசிறித் துளையைப் பாலிதீனால் மூடி நாலா பக்கமும் அகல டேப்பை ஒட்டினாள். அவருக்குத்தான் பின்பக்க ஜன்னல் இருக்கிறதே என்று நினைத்தாள். இறங்கி வந்து சொல்லலாம் என்று பார்த்தால் அவர் யாரோ வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் கீரை அலசினாள். அப்புறம் மறந்தே போனாள்.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. பிடித்ததும் பின்னறை ஜன்னல் சாத்தப்படுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. ஈர வார்னிஷில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், அத்தனை வேலையும் பாழ். விசிறிதான் ஓடுகிறதே என்று அவர் ஜன்னலைச் சாத்தியிருப்பார்.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, மழைக்கு நடுவே, தொம் தொம்மென்று ஏதோ இடிபட்டது. அலமாரியைப் புரட்டுகிறார் என்று நினைத்து அவள் கீரையைக் கிள்ளினாள்.

"ஐயோ" என்றாள்.

திறந்தால் வீடு முழுக்க நிற்கிற வாடை உள்ளே வந்துவிடும். இந்த மூன்றும் தாங்காது. திறக்காவிட்டால் அவர். அவள் யோசித்தது அதிக நேரமில்லை, ஆனால் யோசித்தாள் என்பதே அவளுக்கு வலித்தது. முயல்களைக் கூண்டுக்குள் தள்ளினாள். மேஸ்திரி அவள் கையைக் கடித்தது, வாழ்நாளில் முதல் தடவையாக. தண்ணீர்க் குடத்தில் போர்வையை முக்கி எடுத்துக் கூண்டின் மேல் போட்டாள். ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

"இதோ வந்துடறேன்டா" என்றாள் போர்வையைப் பார்த்து.

கதவை இழுத்தாள்.

நடையில் யாரும் இல்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நடை நீளமாகத் தெரிந்தது. நாக்கில் ஏதோ கசந்தது, கண் ஓரம் எரிந்தது. தரை முழுக்கக் காய்ந்து கிடந்தது. கதவருகே நின்றவர் கால் தடம் எதுவும் இல்லை.

பின்னறைக் கதவடியில் அவள் திணித்த துணி அப்படியே இருந்தது. மத்தியானம் சுருட்டிய மடிப்புகூடக் கலையவில்லை.

அதைப் பிடுங்கி எறிந்தாள். கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை, ஆனால் நகரவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். உள்ளே ஏதோ கனமாக வழுக்கி, ஓர் ஆள் நுழைகிற இடம் விட்டது.

அவர் குப்புறக் கிடந்தார். முகம் கதவடி இடுக்கைத் தேடி வந்து அங்கேயே நின்றுவிட்டிருந்தது. உதடுகள் தரையில் ஒட்டியிருந்தன. வெளிக்காற்று ஒரு விரற்கடை தூரத்தில்தான் இருந்தது, அவள் துணிக்கு அந்தப் பக்கம்.

"என்னங்க. என்னங்க, எழுந்திரிங்க. நான் திறந்துட்டேன் பாருங்க."

கையைப் பிடித்தாள். விறைத்திருந்தது. உள்ளங்கை முழுக்க வார்னிஷ். அலமாரிக் கதவில் அவர் கை ஊன்றிச் சரிந்த தடம் ஐந்து விரலும் தெரிய இறங்கியிருந்தது. அதைத் தொட்டாள். ஒட்டவில்லை. கல்லாக இறுகியிருந்தது. இறுக இரண்டு மணி நேரம் ஆகும் என்று அவர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார், தொட்டுத் தொலைக்காதே என்று. முதல் தட்டு கேட்டது மூன்று மணிக்கு. இப்போது மூன்றேகால்.

தலை சுற்றியது. ஜன்னலுக்குத் தவழ்ந்தாள். கொக்கியைத் தட்டிவிட்டாள். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நான்தான், நான்தான் என்று அழுதாள்.

முன்பக்கத்தில் தொப். தொப். தொப்.

மேஸ்திரி.

நின்றது.

அவள் திரும்பினாள். நடையின் மறுகோடியில் முயலறைக் கதவு திறந்திருந்தது. போர்வை தரையில் கிடந்தது. கூண்டின் கதவும் திறந்திருந்தது. கூண்டின் கொக்கி உள்ளிருந்து எடுக்க வராது.

முயலறை வாசற்படியில், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், மேஸ்திரி இருந்தது.

கீழே ஒன்றும் இல்லை. பின்னால் ஒன்றும் இல்லை. வயிற்றுப் பக்கம் எதன் மேலோ அணைந்த மாதிரி அமுங்கியிருந்தது. பின்னங்கால்கள் தொங்கின. கண்கள் திறந்திருந்தன. கழுத்திலிருந்து வால் வரைக்கும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, ரோமம் மெதுவாகப் படிந்தது. நிமிர்ந்தது. மறுபடி படிந்தது.

மேஸ்திரிக்கு நேர் கீழே, காலடி என்று இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சு பின்வாங்கிப் பின்வாங்கிக் கதவு நிலையில் முட்டியது. கரிச்சட்டியை எங்கும் காணோம். பஞ்சின் காதுகள் இரண்டும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. பிறகு நடுக்கம் நின்றது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன, இறுக்கமாக, நடுவில் கசங்கி.

பஞ்சின் முன்னங்கால்கள் தரையை விட்டன.