தட்டில் வந்த புலி

"அப்பா, அங்க புலி வருமா?"

தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து ஜோஸ்வின் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வயது. வங்காளம் என்றாலே புலிதான் என்று வகுப்பில் யாரோ அவனிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அதெல்லாம் ரொம்ப தூரத்துல, கடலோரக் காட்டுலடா. நாம போற ஊர்ல வயல்தான்," என்றார் அப்பா தனசிங்.

"புலிக்கு நடக்கத் தெரியாதா?"

பத்து வயது அக்கா கெசியா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

அம்மா இறந்த பிறகு மூன்று பேருமாகக் கிளம்பிய முதல் பயணம் அது. வங்காளத்தில் பீர்பூம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கற்றல் கூடல். பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்து கிராமத்து வீடுகளில் தங்கும். பாடப் புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. தங்கிய வீட்டில் கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைக் கடைசி நாளன்று மாமரத்தடியில் செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஜூயியின் வீடு கிடைத்தது. ஜூயிக்கும் பத்து வயது. மண்சுவர் வீடு, எதிரே குளம், குளம் நிறைய வாத்துகள். வந்து சேர்ந்த நிமிடத்திலேயே கெசியாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஜூயி, தன் கட்டிலில் பாதி இடத்தைத் தட்டிக் காட்டினாள். கெசியாவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

ஜூயியின் சித்தப்பாவை வீட்டுப் பிள்ளைகள் "காக்கா, காக்கா" என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜோஸ்வின் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"அக்கா, காக்காவைக் காணோமே?"

"டேய், மானத்தை வாங்காத. அந்த மீசைக்கார அங்கிள்தான் காக்கா. இங்க சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அந்த வீட்டில் காக்காவுக்கு மட்டும்தான் ஆங்கிலம் தெரியும். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கையாலும் கண்ணாலும்தான் பேச வேண்டும். மறுநாள் மாலை காக்கா சந்தைக்குப் போயிருந்தார். அப்பா அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்போது முற்றத்திலிருந்து ஜூயியின் குரல் கேட்டது.

"புலி! புலி!"

அப்பாவின் கையிலிருந்த சட்டை நழுவியது.

"புலி காபே? புலி காபே?" குரல் அறையை நோக்கி ஓடி வந்தது.

"புலி! காப்பாத்துன்னு கத்துறாப்பா!" என்று அலறிய ஜோஸ்வின், படாரென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"டேய், அந்தப் பொண்ணு வெளிய நிக்குதுடா!" அப்பா மூலையில் கிடந்த குடையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். பாய முடியவில்லை. ஜோஸ்வின் அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"புலி கதவைத் தட்டுதுப்பா!"

"புலி கதவெல்லாம் தட்டாதுடா! காலை விடு!"

கெசியா ஜன்னலுக்கு ஓடினாள். முற்றத்தில் வாத்துகள் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தன. புலி வந்தால் வாத்து இப்படியா நடக்கும்? கதவுக்கு வெளியே ஜூயி தட்டோடு நின்றாள். தட்டில் வெள்ளையாக ஏதோ இருந்தது; ஆவி பறந்தது.

'காக்கா இங்கே சித்தப்பா என்றால், புலி இங்கே என்ன?'

"அப்பா! புலியில்லப்பா, கொழுக்கட்டை! சாப்பிடுறீங்களான்னு கேட்டிருக்கா!"

அவள் கதவைத் திறப்பதற்குள் ஜூயி தட்டைத் தரையில் வைத்துவிட்டு, வைக்கோற்போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்களில் அரிசிமாவு ஒட்டியிருந்தது. தட்டில் இருந்தவற்றில் இரண்டு கோணல், ஒன்று வாய் பிளந்து தேங்காய்ப் பூரணம் எட்டிப் பார்த்தது. அவளே செய்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

கெசியா அருகில் போனதும் ஜூயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது.

"நான் போய் சாரி சொல்றேன்," என்றார் அப்பா.

"எதுக்கு சாரின்னு அவளுக்குத் தெரியணும்லப்பா? அவ செஞ்சது பிடிக்காம கதவைச் சாத்திட்டோம்னு நெனச்சிருப்பா." கெசியா யோசித்தாள். "அப்பா, குடையை எடுத்துட்டு வாங்க. ஜோஸ்வின், அப்பா காலைக் கட்டிக்க. இப்பச் செஞ்சீங்களே, அதையே திருப்பிச் செய்யுங்க."

"முற்றத்துலயா? எல்லாரும் பார்ப்பாங்களே!"

"செய்யுங்கப்பா!"

கெசியா கொழுக்கட்டையைக் காட்டி, "புலி," என்றாள். பிறகு தன்னைக் காட்டி, "எங்க ஊர்ல புலின்னா..." என்று நாலு காலில் குனிந்து, முற்றமே அதிர உறுமினாள். வாத்துகள் இப்போதுதான் ஓடின. அப்பா குடையைச் சுழற்றினார். ஜோஸ்வின் காலைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அலறினான்.

ஜூயி திரும்பிப் பார்த்தாள். கண்கள் அகன்றன.

"பாக்?" என்றாள் மெல்ல. கைவிரல்களை நகம்போல் வளைத்துக் காட்டினாள். "பாக்?"

"ஆமா, ஆமா! அதேதான்!"

ஜூயி தட்டைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வைக்கோலில் புரண்டு சிரித்தாள். அவள் அம்மா ஓடிவந்து விவரம் கேட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் இப்படிச் சத்தம்போட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

வாய் பிளந்த கொழுக்கட்டையைக் கெசியா தேடி எடுத்துத் தின்றாள். ஈச்சவெல்லம் மணத்தது.

"கொ-ழு-க்-கட்-டை," என்று ஜூயிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"கொலுக்கட்டே!" என்றாள் ஜூயி பெருமையாக.

கடைசி நாள் மாமரத்தடியில் இருவரும் சேர்ந்து புலி செய்தார்கள். வெந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு, "புலி! புலி காபே?" என்று கூட்டத்துக்குள் ஓடினார்கள்.

அன்று காலைதான் வந்து இறங்கியிருந்த பொழிச்சலூர் ஆசிரியர் ஜீவரத்தினம், பையை மார்போடு அணைத்தபடி பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

"எங்க? எந்தப் பக்கம்?"

கெசியா வாயைத் திறப்பதற்குள் ஜூயி முந்திக்கொண்டாள். அவர் முன்னால் நாலு காலில் நின்று உறுமினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து தட்டை நீட்டினாள்.

"பாக் இல்லே சார். கொலுக்கட்டே!"

ஜீவரத்தினம் சார் எதற்கும் இருக்கட்டும் என்று பெஞ்சை விட்டு இறங்கவில்லை. அங்கே நின்றபடியே மூன்று புலிகளைத் தின்று தீர்த்தார்.