கருகாத ஒயர்

பகல் 12.05. கரும்புக் காட்டிலிருந்து திரும்பிய மார்கரெட் அலறினாள். மீட்டரிலிருந்து அவளுடைய புது பிரிட்ஜுக்குப் போகும் ஒயர், வெளிச்சுவரில் இரண்டு துண்டாகத் தொங்கியது.

கச்சிராயபாளையத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் முப்பது வீடுகள். எல்லாவற்றுக்கும் ஊர்ப் பொது சோலார் கரண்ட்தான். மெயின் அறைச் சாவி, அதைப் பார்த்துக்கொள்ளும் ராதிகாவிடம்.

கமிட்டித் தலைவர் ராஜாங்கம் வெட்டிய முனையைத் தடவிப் பார்த்தார்.

"கரண்ட் ஓடுறப்ப வெட்டியிருந்தா பொறி பறந்து கருகியிருக்கும். கரியே இல்ல. ராதிகா, நீ எப்பம்மா மெயின ஆஃப் பண்ண?"

"பதினொன்னு பத்துலேர்ந்து அர மணி நேரங்க. பேனல் தொடைச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்குத்தான் தெரியும். சாவியக் குடு."

ராதிகா சாவியை இறுக்கிப் பிடித்தாள். அந்தச் சாவி வந்த பிறகுதான் ஊர் அவளை 'வாங்க' என்றது. பொறாமை இல்லையா என்றால், பொய் சொல்வானேன், நிறைய இருந்தது. மார்கரெட் ஐஸ் தண்ணீர் நீட்டும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அதற்காக ஒயரையா வெட்டுவாள்?

"கரண்ட் நின்னது வூட்டுல இருந்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

12.20. ராதிகாவைத் தவிர, அன்று காட்டு வேலைக்குப் போகாதவர்கள் இரண்டே பேர். மார்கரெட்டின் எதிர்வீட்டு சூசை கொட்டாவி விட்டார்.

"ஃபேன் நின்னு, வேர்த்துக்கினு எழுந்தேன். உன்னத்தான் திட்டுனேன்."

அடுத்த வீட்டு வாசலில், பழைய தையல் மிஷின் ஸ்டாண்டைச் சுற்றி வலை கட்டிக் கோழிகளை அடைத்திருந்தார்கள். ராதிகா அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மேஜைமேல் மோட்டார் மிஷினில் ராணியம்மாள் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணிக்கு இன்னாக்கா செஞ்சிக்கினு இருந்த?"

"எழுந்திருக்கவே இல்ல. பன்னெண்டு வரைக்கும் தச்சிக்கினே இருந்தேன்."

"நடுவுல கரண்ட் போச்சே?"

"போனா இன்னா? பெடல்ல தச்சேன்."

ராதிகா வாசலுக்குத் திரும்பி ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா பெடல்ல தச்சாங்களாம். பெடலு இங்க கோழிக்கூடா கெடக்குது. மோட்டார் நின்னதும் கரண்ட் இல்லன்னு தெரிஞ்சிது, கத்திரியும் கையில இருந்துது."

ராணியம்மாள் கத்திரிக்கோலை வீசியெறிந்தாள்.

"ஆமாண்டி! அவ பிரிட்ஜ் ஓடுனா எம் மோட்டார் இழுக்கல. எங்கிட்ட வந்து குந்தின பொம்பளைங்கல்லாம் இப்ப அவ வூட்டுல ஐஸ் தண்ணி குடிக்கிறாளுங்க. உனக்கு எரியலியா?"

"எரியுதுக்கா," என்றாள் ராதிகா.

சாவியைக் கேட்ட ராஜாங்கம் தலை குனிந்துகொண்டார்.

1.10. இந்த முறை ஊருக்கே கேட்கக் கூவிவிட்டுத்தான் ராதிகா மெயினை அணைத்தாள். தன் கையாலேயே ஒயரை முறுக்கி டேப் சுற்றினாள். கரண்ட் வந்தது. பிரிட்ஜ் உறுமியது.

"ஐஸ் தண்ணி ஆனதும் நீங்கதாங்க முதல்ல குடிக்கணும்," என்று மார்கரெட் சிரித்தாள்.

ராதிகாவுக்கு மறுபடி வயிறு எரிந்தது.